பட்டை பேசுது

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும் மாமா."

"கேளு கண்ணு. ஆனா இப்ப வேண்டாம். மொதல்ல உடம்பு தேறட்டும்."

"உடம்புக்கு என்னங்க? நல்லாத்தான் இருக்குது."

"செரி, மனசு தேறட்டும். தேறுனதும் கேளு. நான் எங்கயும் போயிரமாட்டேன்."

நறுமுகைக்கு அந்தப் பேச்சு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. கோயமுத்தூர் மருத்துவமனை ஒன்றின் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். சர்வேஷ் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் நகக்கண்ணில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவர்களுடைய பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. அவர்கள் வீட்டில் அப்படிப் போன பிள்ளையைப் பற்றி வாய் திறக்கும் வழக்கம் இல்லை.

சர்வேஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எட்டு வருஷமாக எங்கேயும் போகவில்லை. அவள் தேறுவதற்காகத்தான் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் நறுமுகை குளிப்பதை விட்டாள், பிறகு சாப்பிடுவதை விட்டாள், பிறகு கட்டிலை விட்டு எழுவதையே விட்டாள். அப்போதுதான் டாக்டர் ஜெபக்கனி அவள் தோளில் முதல் பட்டையை ஒட்டினார். தபால்தலை அகலத்தில், தோல் நிறத்தில், வாரம் ஒன்று. மனசுக்கு மாத்திரை விழுங்கும் காலமெல்லாம் மலையேறியிருந்தது. மருந்து தோல் வழியாக அளந்து அளந்து இறங்கும்.

அந்த மருந்தைக் குறை சொன்னால் அவள் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். கிணற்றுக்குள் கிடந்தவளைத் தூக்கித் தரையில் உட்கார வைத்தது அதுதான். என்ன, தரையிலேயே உட்கார வைத்துவிட்டது. சாவு வீட்டில் அழுகை வரவில்லை, கல்யாண வீட்டில் சிரிப்பு வரவில்லை. கோபம் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிற்று.

இதில் ஒரு லாபமும் கிடைத்தது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வாடகைக் கார்களுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, எத்தனையோ பேரைப் பேச வைத்துக் கேட்டுவிட்டு அவளைத் தேர்ந்தெடுத்தது. "மேடம் குரல்ல பதற்றமே இல்லீங்க. இப்படி ஒரு குரல் கிடைக்கறது வரம்" என்றார் ஒலிப்பதிவுப் பொறியாளர். அந்த வரம் எந்தப் பட்டையிலிருந்து வருகிறது என்று அவள் சொல்லவில்லை. ஒரே வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க அவள் குரல் ஓடியது. 'எங்கே போக வேண்டும்? சொல்லுங்கள்.' 'சீட் பெல்ட் அணிந்துவிட்டீர்களா? புறப்படலாம்.' கார் மரத்தில் முட்டினாலும் அதே குரல்தான்: 'சிறிய தடங்கல். அமைதியாக இருங்கள்.' சனங்களும் அமைதியாக இருந்தார்கள்.

ஒருநாள் அவளே அப்படி ஒரு காரில் போனாள். குறுக்கே ஆட்டுக்குட்டி ஒன்று ஓடிவர, கார் சடாரென்று நின்றது. 'அமைதியாக இருங்கள்' என்றது அவள் குரல். அவள் ஏற்கனவே அமைதியாகத்தான் இருந்தாள். ஆட்டுக்குட்டி பிழைத்ததா என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நினைப்பே வந்தது. அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்க்கப் போனாள்.

மருந்து அவளுக்குள் இருந்த எல்லாவற்றையும் மெழுகிச் சமன் செய்திருந்தது. கட்டிலில் கிடந்தபோது கேட்க நினைத்த அந்த ஒன்று மட்டும் மெழுகுக்கு அடியில் அப்படியே இருந்தது.

*

"நிறுத்தலாம்மா. ஆனா மெதுவாத்தான். ஒரேயடியா நிறுத்துனா உடம்பு முரண்டு பிடிக்கும்" என்றார் டாக்டர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்கார அம்மா, எவ்வளவு பெரிய விஷயத்தையும் மீன் விலை சொல்வது போலச் சொல்லிவிடுவார். "மாடிப்படி இறங்குற மாதிரின்னு வச்சுக்கோங்க. கீழ வர வரப் படி சின்னதா இருக்கும். கடைசிப் படி இருக்கே, அதுலதான் நிறைய பேர் கால் இடறுவாங்க."

"இப்ப எந்தப் படியில நிக்கறேன்னு எனக்குத் தெரியுமாங்க டாக்டர்?"

"தெரியாது. அதானே விசேஷம்!" டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முன்னாடியெல்லாம் சொல்லித்தான் குறைச்சோம். குறைச்சாச்சுன்னு சொன்ன அன்னிக்கே பாதிப் பேருக்குத் தலை சுத்தும். மருந்து குறைஞ்சதால சுத்துதா, குறைஞ்சுதேங்கற பயத்துல சுத்துதான்னு எங்களுக்கே புரியாது. அதனால இப்ப கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போறோம். வர்ற பட்டையெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ள எவ்வளவு இருக்குன்னு உங்க கூட இருக்கற ஒருத்தர் போனுக்கு மட்டும் வரும். அவரை நாங்க துணைன்னு சொல்லுவோம். உங்களுக்கு ரொம்ப முடியலைன்னா அவர் சொல்லி அந்தப் படியிலேயே நிறுத்தி வைக்கலாம். பூஜ்யத்துக்கு வந்ததும் அவரே உங்ககிட்ட சொல்லிருவார். அதுக்கப்புறம் சில மாசம் வெறும் பட்டை வரும், பழக்கத்துக்காக. சரி, துணைக்கு யாரு?"

சர்வேஷ் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

அவன் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் குறை கேட்கும் பிரிவில் இருந்தான். நாள் முழுக்க ஊரார் மோட்டார்களைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டு, 'புரியுதுங்க, பதிஞ்சுக்கிட்டேனுங்க' என்று சொல்வது அவன் வேலை. இதைவிட நல்ல துணை யாருக்குக் கிடைக்கும்?

நறுமுகை அப்போதே மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். பூஜ்யம் என்று இவர் வாயால் சொல்லும் அன்று, எட்டு வருஷமாக வைத்திருப்பதைக் கேட்டுவிட வேண்டும். அன்றைக்குக் கேட்டால்தான் அது தன்னுடைய கேள்வியாக இருக்கும்.

*

முதல் சில மாதங்கள் பாடாய்ப் படுத்தின. கண்ணை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது. விரலைப் பிளக்கில் வைத்தது போல, ஒரு நொடி. வயிற்றைப் புரட்டியது. ஏசி அறையில் வியர்த்துக் கொட்டியது. கனவுகளோ கலர் கலராக, மூச்சு முட்ட வந்தன. ஒருநாள் நெய் விளம்பரம் பார்த்து விக்கி விக்கி அழுதாள். அதில் ஒரு குடும்பம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சர்வேஷைப் பற்றி என்ன சொன்னாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது: அந்த மாதங்களில் அவன் தங்கமாக இருந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள், திரும்பினால் மின்சாரம் அடிக்கும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். அதிலிருந்து ஒரு தடவைகூட முதுகுப் பக்கம் நின்று பேசவில்லை. 'உப்பு எங்க இருக்குது?' என்று கேட்பதற்குக்கூட அடுப்படியைச் சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான். காலையில் கையைப் பிடித்துப் பூங்காவில் மெல்ல நடத்திக் கூட்டிப்போனான். ரொம்ப முடியாமல் போனபோது, "இந்தப் படியிலயே சித்த நாள் உக்காந்துக்கலாம் கண்ணு. அவசரமென்ன, பஸ்ஸா போயிரப் போகுது?" என்றான்.

மின்சாரம் அடங்கத் தொடங்கியதும் கோபம் வந்தது. வந்த கோபம் கைகால் முளைத்து வீட்டுக்குள் நடமாடியது.

முதலில் மாட்டியவர் மாமியார் சிந்துஜா. அவர் பிறந்த காலத்தில் அது புதுமையான பெயர். இப்போது எல்லா மாமியார்களுக்கும் அந்த மாதிரிப் பெயர்தான். நல்ல மனுஷி. ஆனால் வீட்டில் எதையும் வீணாக்க விடமாட்டார். மிச்சமான சட்னி வடையாகும், மிச்சமான சேலை தலையணை உறையாகும். மருந்துகூட அப்படித்தான். வீட்டு மருந்தெல்லாம் அவர் அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும்; யாருக்காவது காய்ச்சல் சரியாகி மாத்திரை மீந்துவிட்டால், 'காசு குடுத்து வாங்குனதல்லோ' என்று தானே போட்டு முடித்துவிடுவார்.

ஒரு காலை அவர் சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, "கண்ணு, நாளைக்கு ஒறம்பரை வருது, பத்துப் பேர் இருப்பாங்க. பருப்பு ஊறப் போட்டுரு" என்றார்.

"நான் போடலீங்க அத்தை."

"என்னது?"

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க? பத்துப் பேருக்கு நான் எதுக்குங்க வடிச்சுக் கொட்டோணும்? எனக்கு இஷ்டமில்லீங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. சர்வேஷ் ஓடி வந்தான், வழக்கம்போல அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று, அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, இவ பேசலைங்கம்மா. பட்டை பேசுது."

சிந்துஜாவின் முகம் உடனே இளகியது. "ஐயோ பாவம். நீ போய்ப் படு சாமி. நான் ஹோட்டல்ல சொல்லிக்கறேன்."

அன்றிலிருந்து அது வீட்டு வழக்காகிவிட்டது. காப்பியில் சர்க்கரை அதிகம் என்றால் பட்டை பேசுது. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றால் பட்டை பேசுது. கீழ்வீட்டுக்காரர் கூரை நனைந்து சண்டைக்கு வரும்வரை பட்டைதான் பேசிக்கொண்டிருந்தது. எதுவும் பேசாமல் இருந்தால், 'இன்னைக்கு மருந்து நல்லா வேலை செய்யுதாட்ட இருக்குது' என்றார்கள்.

கொஞ்ச நாள் நறுமுகைக்கே இது பிடித்திருந்தது. மாமியாரின் தங்கை ஒருத்தி உண்டு. வரும்போதெல்லாம் 'விசேஷம் ஒண்ணும் இல்லியா?' என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பவள். பொங்கலுக்கு வந்து அதையே கேட்டபோது, "இருக்குதுங்க சின்னத்தை. இனிமேல் இந்த வீட்டுல நீங்க வாயை மூடிட்டுச் சாப்பிடப் போறீங்க, அதான் விசேஷம்" என்றாள். சின்னத்தைக்குக் கோபம் வரவில்லை. யாரோ காதில் ஓதினார்கள். அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நறுமுகையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். பஞ்சு மூட்டையைக் குத்துவது போல இருந்தது.

குரல் கம்பெனியில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. புதிய வழித்தடங்களுக்குப் பதிவு செய்யப் போனபோது பொறியாளர் தலையைச் சொறிந்தார். "மேடம், குரல்ல என்னமோ காரம் ஏறியிருக்குதுங்க. 'சிறிய தடங்கல்'னு நீங்க சொன்னா, தடங்கலுக்குக் காரணமே நாங்கதான்னு திட்டற மாதிரி இருக்குது. பழைய மாதிரி வருமுங்களா?"

"பழைய ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் நறுமுகை.

அவர்கள் அதைத்தான் செய்தார்கள். பழைய பதிவுகளிலிருந்து புதுச் சொற்களை இயந்திரமே செய்துகொண்டது. அவள் இல்லாமலே அவள் குரல் புதுப்புது ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. அந்தக் குரலை எல்லாரும் நம்பினார்கள். இவள் சொல்வதைத்தான் பட்டை சொல்கிறது என்றார்கள்.

அதனால்தான் கேட்க நினைத்ததை அவள் நாக்கு நுனிக்கு வந்தபோதெல்லாம் விழுங்கினாள். அதை அவள் கேட்டு, அதற்கும் அவன் 'பட்டை பேசுது' என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

"மாமா, பூஜ்யம் வந்துருச்சுங்களா?" என்று அவ்வப்போது கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம் கண்ணு" என்பான், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. மாதம் ஒருமுறை திரையில் வந்து விசாரிக்கும் டாக்டரோ, "கோபம் வருதா? வரட்டும் வரட்டும். இனிமே எல்லாம் உங்க கையிலதானம்மா" என்று சிரிப்பார். எல்லா டாக்டரும் சொல்வதுதானே என்று அவள் விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் சிந்துஜா அத்தையிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கார் நிறுத்துமிடத்துக்காகப் பக்கத்து வீட்டோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர், இப்போது அவர்கள் வண்டியை நிறுத்தினால் கையசைத்துச் சிரித்தார். பால் பொங்கி வழிந்தால், 'பொங்கறது அதோட குணம்' என்றார்.

"அம்மா தியானம் கியானம் பண்றாங்களாட்ட இருக்குது" என்று சர்வேஷ் பெருமைப்பட்டான்.

*

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சிந்துஜா அடுப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நறுமுகை ஓடிப்போய்த் தாங்கினாள். ரவிக்கைக் கையைத் தளர்த்தினாள். தோளில் தோல் நிறத்தில் பட்டைகள். ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மூன்றாவது.

"அத்தை! என்னங்க இது?"

"திட்டாத கண்ணு." சிந்துஜா கண்ணை மூடியபடியே முனகினார். "வேர்வையில கழண்டா ஒட்டறதுக்குன்னு உபரியா அனுப்பறாங்களல்லோ. அதெல்லாம் டின்னுல சும்மாதான கெடக்குது. வீணாப் போகுதேன்னு தை மாசத்துல ஒண்ணு ஒட்டிப் பார்த்தேன். அட, என்ன மருந்து சாமி அது! மனசு அப்படியே எளநி மாதிரி ஆயிருச்சு. வாராவாரம் ஒண்ணு. இன்னைக்கு என்ற தங்கச்சி வர்றான்னு போன் வந்துச்சு, அதான் மூணாப் போட்டுக்கிட்டேன்."

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வேறு உண்டு. "மாமா! மாமா, இங்க வாங்க!"

வந்து பார்த்த சர்வேஷ் பட்டைகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் பதறவே இல்லை.

"ஒண்ணும் ஆகாது கண்ணு. சித்த மோர் குடுத்தா சரியாயிரும்."

"மோரா? பெத்த தாய் மருந்தை மூணு மடங்கு ஒட்டிக்கிட்டு மயங்கிக் கெடக்கறாங்க, மோரா? உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதுங்களா?"

"பட்டை பேசு..." என்று ஆரம்பித்தவன் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நறுமுகை காரைக் கூப்பிட்டாள். 'எங்கே போக வேண்டும்? சொல்லுங்கள்' என்றது கார், அவளுடைய பழைய குரலில், ஒரு அவசரமும் இல்லாமல். அவளுக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலிருந்தது.

டாக்டர் ஜெபக்கனி ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், பட்டைகளை உரித்து அதன் முதுகில் இருந்த எண்ணைப் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சிந்துஜாம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"இன்னைக்கு விரதமுங்க. பச்சைத் தண்ணி பல்லுல படல."

"இந்த வெயில்ல! அதான் தலை சுத்தியிருக்கு. ஒரு பாட்டில் குளுகோஸ் ஏத்துனா எழுந்து உட்கார்ந்திருவீங்க."

"டாக்டர், பட்டை?" என்றாள் நறுமுகை. "மூணு பட்டைங்க!"

"முப்பது ஒட்டுனாத்தான் என்ன? அதுல ஒண்ணுமில்லையேம்மா. தீபாவளியில இருந்தே உங்களுக்கு வெறும் பட்டைதானே அனுப்பறோம்." அவள் முகத்தைப் பார்த்து டாக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "சொல்லியாச்சுன்னு சர்வேஷ் பதில் போட்டிருந்தாரே? சொல்லலையா?"

முதலில் பேசியது, படுத்துக்கிடந்த சிந்துஜாதான்.

"அப்ப நான் இத்தனை நாளா எதுக்குச் சிரிச்சுட்டிருந்தேன்?"

"அது உங்க சொந்தச் சிரிப்பும்மா" என்றார் டாக்டர்.

"சொந்தச் சிரிப்பா!" சிந்துஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தப் பக்கத்து வீட்டு நாயமத்த மனுஷனைப் பார்த்து நான் சொந்தமாவா சிரிச்சேன்? டேய் சர்வேஷு! பொண்டாட்டிகிட்டயும் பொய், டாக்டரம்மாகிட்டயும் பொய். பொய் சொல்ற அளவுக்கு வளந்துட்டயாடா நீயி?"

"பாருங்க, வெறும் பட்டையை உரிச்சதுக்கே எப்படிக் காய்ச்சுறாங்கன்னு" என்றார் டாக்டர்.

நறுமுகை சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பருப்பு ஊறப் போட மறுத்தது தீபாவளிக்கு முன்னால். அதில் பட்டைக்கும் பங்கு இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி? மார்கழி. சின்னத்தையிடம் சொன்னது? பொங்கல். குரல் கம்பெனியில் சொன்னது அதற்கும் பிறகு. அத்தனையும் அவள்தான். அவளே, அவள் வாயால். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு, அடக்க முடியாத ஒரு சந்தோஷமும் வந்தது.

"டாக்டர், அப்ப அந்தக் கரண்ட் அடிச்சது, வாந்தி, அதெல்லாம்கூட..."

"அதெல்லாம் நிஜம். மருந்து இறங்குனதுதான், அதுல சந்தேகமே வேண்டாம். பூஜ்யத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். கார்த்திகையோட நின்னிருக்குமே?"

நின்றிருந்தது. கார்த்திகையிலிருந்துதான் சர்வேஷும் பழையபடி முதுகுக்குப் பின்னாலிருந்து, 'கண்ணு, துண்டு எங்க?' என்று குரல் கொடுக்க ஆரம்பித்திருந்தான். அவள் சட்டென்று திரும்பிப் பதில் சொல்லியிருக்கிறாள். எத்தனை தடவை! இருவரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க" என்றார் டாக்டர், இந்த முறை விலை சொல்லும் குரலில் இல்லை. "கோபம் வேற, பழைய இருட்டு வேற. அது திரும்ப எட்டிப் பார்த்தா வெட்கப்படாம வாங்க. மருந்து எங்கயும் ஓடிடாது."

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க" என்று சிந்துஜா கையை ஆட்டினார். "எனக்குக் குளுகோஸ் ஏறட்டும். அவனை நல்லாக் கேளு கண்ணு. கேக்கறது நீதான்னு நானே சாட்சி."

*

வந்த கார் வாசல் வேப்பமரத்தின் நிழலிலேயே நின்றிருந்தது. வெளியில் அனல் அடித்ததால் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். எதிரெதிர் இருக்கை. அந்தக் காலத்து ஆண்களுக்கு ஸ்டியரிங் என்று ஒன்று இருந்தது. பெண்டாட்டி கேள்வி கேட்டால் சாலையைப் பார்த்துக்கொள்ளலாம். சர்வேஷுக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அது சுத்தமாத்தான் இருக்குதுங்க" என்றாள் நறுமுகை. "போட்டுக்கிட்டு என்னைப் பார்த்துச் சொல்லுங்க. ஏன் மறைச்சீங்க?"

"இல்ல கண்ணு, நான் என்ன நெனச்சேன்னா, நீ எதிர்பார்க்காத நேரத்துல..."

"மோட்டார்க்காரங்ககிட்டப் பேசற மாதிரி எங்கிட்டப் பேசாதீங்க."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னு சொன்னே. ஞாபகம் இருக்குதா?"

நறுமுகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு இருக்குதுங்களா?"

"மறக்குமா? தேறுனதும் கேளுன்னு நான்தான சொன்னேன். பூஜ்யம்னு சொன்னா, தேறிட்டேன்னு அர்த்தம். தேறிட்டா நீ கேப்பே." மறுபடியும் கண்ணாடியைத் தொட்டான். "என்னை விட்டுட்டுப் போறதுக்குத்தான் கேக்கப் போறேன்னு நெனச்சேன். அன்னைக்கு உன்ற முகம் அப்படி இருந்துச்சு. இப்ப நீ அது புடிக்கல, இது புடிக்கலன்னு சொல்லச் சொல்ல, அடுத்தது நான்தான்னு தோணிட்டே இருந்துச்சு. பட்டை பேசுதுன்னு சொல்லிக்கிட்டா எனக்குத் தூக்கம் வந்துச்சு கண்ணு. தீபாவளியன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீ மத்தாப்பு புடிச்சுட்டுச் சிரிச்சுட்டிருந்தே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னே போயிருச்சு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத ஒரு துண்டுப் பட்டை. அதை ஒட்டி மாமியார் சாந்தமானார். அதைச் சொல்லிப் புருஷன் நிம்மதியாகத் தூங்கினான். அது வேலை செய்யாதது அவளுக்கு மட்டும்தான். சிரிப்பு முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வாய்விட்டே வந்தது. சர்வேஷ் மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"ஏனுங்க, உங்களை விட்டுட்டுப் போறதுன்னா உங்க அனுமதி கேட்டுட்டா போவேன்?"

"அப்ப அது இல்லியா?"

"இல்லீங்க."

"பின்ன என்ன?"

அவள் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்து மென்றது, இப்போது இடமும் கிடைத்து நேரமும் கிடைத்தபோது நாக்கு எழவில்லை. சும்மா நின்றிருந்த கார் தன் கடமையை நினைத்துக்கொண்டது.

'எங்கே போக வேண்டும்? சொல்லுங்கள்.'

பதறாத, உயராத, தமிழ்நாடே நம்பும் குரல். சர்வேஷ் வழக்கம்போல, "வீட்..." என்று ஆரம்பித்தான். நறுமுகை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

'நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்' என்றது கார். 'காத்திருக்கிறேன்.'

"ஆமா, நீ நல்லாத்தான் காத்திருந்தே" என்று அதனிடம் சொல்லிவிட்டு, அவன் விரல்களைப் புரட்டி நகங்களைப் பார்த்தாள். இப்போது சுத்தமாக இருந்தன.

"அன்னைக்கு எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள பாப்பாவைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்க." குரல் நடுங்கியது, கரகரத்தது, அவளுக்கே பழக்கமில்லாத உயரத்துக்குப் போயிற்று, அவள் அதைத் தடுக்கவில்லை. "நான் முகத்தைக்கூடப் பார்க்கல. நீங்க திரும்பி வந்து சாத்துக்குடி உரிச்சப்ப உங்க நகத்துல செம்மண் இருந்துச்சுங்க. எந்தத் தோட்டத்து மண்ணு, எந்த மரத்தடின்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. தாய்க்காரிக்குச் சொல்லக் கூடாதுன்னு வழக்கமாம்."

சர்வேஷின் கையை அவள் விடவில்லை.

"பாப்பாவை வச்ச எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க மாமா."